கலங்கலில் கட்டிய வலை

என் கையெழுத்து கொஞ்ச காலம் ஒரு டிக்கெட் கவுன்டரில் தொங்கியது. லேமினேட் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து, 'லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறக் கூடாது' என்ற பலகைக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் என் கையெழுத்தைக் கேட்டவர் கூரியர்காரர் ஒருவர்தான்.

ஏரி, கால்வாய், மதகு என்று வெயிலில் அலையும் அரசு வேலையில் இருந்தவள் நான். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே 'மேடம் வந்துட்டாங்க' என்று நாலு பேர் எழுந்து நிற்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி கேட்டு மல்லுக்கட்டும் சாதாரணப் பொம்பளை ஆகிவிட்டேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கதை விளங்காது.

எங்கள் வீட்டிலிருந்து செம்பாக்கம் பக்கமாக ஸ்கூட்டியில் பத்து நிமிடம் போனால் ஒரு நிலக்காரரின் தோட்டம். அந்த ஊரின் பழைய குடும்பம். கீழ்ப்பகுதி வயல்களை மனை போட்டு விற்றுவிட்டு, மேட்டுப் பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். நடுவில் ஓடிய ஓடைக்குக் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மண்கரை எழுப்பினார். மழைத் தண்ணீர் நின்றது. அதில் அன்னப்பறவை மாதிரி செய்த பெடல் போட் நாலு விட்டார், கட்லா, ரோகு மீன்கள் வளர்த்தார், ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட ஆட்களைக் கூட்டினார். சேலையூரிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் குழந்தை குட்டிகளோடு ஜனம் வந்தது. எல்லோரும் அதைக் 'குட்டி டேம்' என்றார்கள். கரை மேலேயே கார் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் கரைக்கு நேர் கீழே, மனைப்பிரிவின் கடைசித் தெருவில், என் தங்கை வீடு. முன் அறையில் நாலு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். திங்களும் வியாழனும் எனக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா வந்துவிடும்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் கரையின் அடிவாரத்தில் கசிவு தெரிகிறது என்று தெருக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் கிளப்பினார்கள். நிலக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் கத்தினார்களாம். என் தங்கைதான் எழுந்து, "எங்க அக்கா ஏரி இன்ஜினியரா இருந்தவங்க. அவங்களை வந்து பாக்கச் சொல்லுங்க. அவங்க சரின்னா சரி" என்று சொல்லியிருக்கிறாள். கூட்டம் அடங்கிவிட்டது. மறுநாளே நிலக்காரர் என் வீட்டு வாசலில் கார் கொண்டுவந்து நிறுத்தி, "மேடம், நீங்க ஒரு வார்த்த சொல்ட்டா போதும் மேடம்" என்றார். மேடம்! நான் புடவை மாற்றப் போய்விட்டேன்.

அது மே மாதம். அக்கினி வெயிலில் தண்ணீர் முக்கால்வாசி வற்றிக் கிடந்தது. டேப் பிடித்துக் கரையின் உயரம், மேல் அகலம், சரிவு எல்லாம் அளந்தேன். கரையின் ஒரு கோடியில் கலங்கல் இருந்தது. மிஞ்சிய தண்ணீர் தானாக வழிந்து வெளியேற சிமென்ட் போட்டு விட்ட பன்னிரண்டு அடி வாய். அதைக் குனிந்து, நிமிர்ந்து, தட்டிப் பார்த்தேன். சம்பளத்துக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரர் பக்கத்துப் பூவரச மர நிழலில் உட்கார்ந்து ஒரு நைலான் வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்தவர். வழியில் விரிந்து கிடந்த வலை புடவையில் மாட்டாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

வீட்டுக்கு வந்து சாயந்திரம் முழுக்கக் கணக்குப் போட்டேன். மேலேயிருந்து எவ்வளவு தண்ணீர் வரும், அந்தப் பன்னிரண்டு அடி வாய் எவ்வளவு வெளியே தள்ளும், கரைக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கும். கணக்கு சரியாக வந்தது. இன்று போட்டாலும் அதே விடைதான் வரும். 'கரையும் கலங்கலும் போதுமானவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடிவாரக் கசிவு தெளிந்த தண்ணீராக இருக்கும்வரை பயமில்லை என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருந்ததா? இல்லை. வேறு யாருக்காவது இருந்ததா? அதுதான் விஷயம். பெரிய அணைக்குச் சட்டம் இருக்கிறது. ஏரிக்குப் பட்டியல் இருக்கிறது. இது அணை என்று சொல்லும் அளவுக்குப் பெரிதும் இல்லை, ஏரிப் பட்டியலிலும் இல்லை. பட்டா நிலத்தில் ஒருத்தர் கட்டிக்கொண்ட மண்சுவர். கட்டடத்தைப் பார்ப்பவர்கள் அது கட்டடம் இல்லை என்பார்கள், தண்ணீரைப் பார்ப்பவர்கள் அது தங்கள் தண்ணீர் இல்லை என்பார்கள். ஆகையால் நான் ஏதோ பெரிய சேவை செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை கொஞ்சம் வெளிவாங்கியதும், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பயத்தில் போகவில்லை. என் கணக்கு எவ்வளவு அழகாக வேலை செய்கிறது, பன்னிரண்டு அடி வாயில் தண்ணீர் எப்படிக் கொட்டுகிறது என்று பார்க்கத்தான் போனேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கரை மேல் ஏறினேன். தண்ணீர் கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. நடுவில் கார்கள் ஏறி இறங்கிப் பள்ளமான இடத்தில் அந்தச் சாணும் இல்லை, நாலு விரல்தான். படகுகள் என் முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. கலங்கலிலோ சத்தமே இல்லை.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு அடி வாய்க்கும் குறுக்கே சவுக்குக் கம்பு நட்டு, இரண்டு மடிப்பாக நைலான் வலை கட்டியிருந்தது. வலையில் ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், பிறந்தநாள் பலூன் கிழிசல் எல்லாம் அப்பி அடைத்து, பாய் விரித்தது போல மூடிவிட்டிருந்தன. மேலாக ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கணக்குப் போட்ட வாயே அங்கே இல்லை.

தோட்டக்காரர் குடையோடு வந்தார்.

"என்னங்க இது?" என்று கத்தினேன்.

"மீன் பூடும்ல மேடம். வருசா வருசம் மழைக்கு முன்னாடி கட்றதுதான். சண்டே தூண்டில் போட ஆளுங்க வராங்க. கட்லா ஒவ்வொண்ணும் மூணு கிலோ கீது." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என் கையால பின்னுனது. குஞ்சு கூட தாண்டாது."

"அறுங்க. உடனே அறுங்க."

"ஓனர் சொல்லாம எப்டி மேடம்?"

நிலக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் போயிருந்தார். நாலாவது தடவைதான் போனை எடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்கவில்லை.

"அக்கா, இன்னாக்கா நீங்க? நீங்கதான ஸ்ட்ராங்கா கீதுன்னு எழ்திக் குட்த்தீங்க? கவுன்டர்ல மாட்டி வெச்சிகிறேன் பாருங்க. இப்ப நீங்களே பேஜார் பண்றீங்களே."

"நான் எழுதிக் குடுத்தப்ப வலை இல்லை."

"வலை எப்பவும் உண்டுக்கா. மழ நின்னுடும். நான் சாயங்காலம் வந்து பாக்கறேன்." வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

அவசர எண்ணுக்குப் போட்டேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். ஏரியின் பெயரைக் கேட்டார்கள். பெயர் இல்லை, தனியார் இடம் என்றேன். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, சொல்லி வைக்கிறோம் என்றார்கள். பெயரில்லாத தண்ணீருக்கு அவர்கள்தான் எங்கே வருவார்கள்?

அப்போதுதான் அடிவாரத்துக் கசிவு நினைவுக்கு வந்தது. கரையின் பின்சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கினேன். கசிவு இருந்த இடத்தில் இப்போது விரல் தடிமனுக்கு ஊற்று போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கீழே கிடந்த ஒரு தண்ணீர் பாட்டிலில் அதைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். டீத் தண்ணீர் நிறம். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்ததில் அடியில் மண் படிந்தது.

தெளிந்த தண்ணீர் வந்தால் கரை வியர்க்கிறது என்று அர்த்தம், விட்டுவிடலாம். கலங்கிய தண்ணீர் வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது. ஓட்டை உள்ளே பெரிதாகிக்கொண்டே போய், ஒரு நிமிடத்தில் மொத்தமாகப் பிளந்துகொள்ளும். அதைத் தடுக்க ஒரே வழி தண்ணீர் மட்டத்தை இறக்குவது. மட்டத்தை இறக்க ஒரே வழி வலையை அறுப்பது.

தோட்டக்காரரும் பின்னால் இறங்கி வந்திருந்தார். பாட்டிலைக் காட்டி விவரம் சொன்னேன். அவர் அதை வாங்கி ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாட்டி வெச்சிருக்கற பேப்பர்ல என் வலை பத்தி எழ்திகீறீங்களா மேடம்?"

"இல்லை."

"அன்னிக்கு நான் இத்தான் பின்னிகினு இருந்தேன். நீங்க பொடவைய தூக்கிகினு தாண்டிப் போனீங்க."

குரலில் குற்றச்சாட்டே இல்லை. சும்மா நடந்ததைச் சொன்னார். கலங்கலில் வலை கட்டுவது இந்தப் பக்கத்தில் குத்தகைக்கு மீன் வளர்க்கும் எல்லோரும் செய்கிற வேலை. வேலையில் இருந்த காலத்தில் எத்தனை ஏரியில் ஜீப்பை விட்டு இறங்கியதும் முதல் காரியமாக வலையை அறுக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்! அந்த நான், காலடியில் கிடந்த வலையைப் பார்த்து, கடலுக்குப் போகிற வலை என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். செம்பாக்கத்தில் ஏது கடல்?

"அறுக்கறேன் மேடம்" என்றார். "ஓனர் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"இப்போ வேண்டாம். அரை மணி நேரம் குடுங்க."

ஏனென்றால் அறுத்தால் தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கலங்கலிலிருந்து இறங்கும் ஓடையை, மனை போட்டபோது ஒரே ஒரு குழாய்க்குள் அடக்கி மேலே ரோடு போட்டுவிட்டார்கள். தானாக வழிவதைக் குழாய் தாங்கும்; தேங்கியது ஒரேயடியாக இறங்கினால் குழாய் கொள்ளாமல் கடைசித் தெருவுக்குள் போகும். அறுக்காவிட்டால் கரை உடைந்து தெருவே போகலாம். அறுத்தால் தெருவுக்குள் தண்ணீர் நிச்சயம். அதில் முதல் வீடு என் தங்கையுடையது.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வாசலில் நின்றபடியே ஹார்ன் அடித்தேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் மாடிக்குப் போங்கள், அரை மணியில் தண்ணீர் வரும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் நகரவில்லை. எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நீங்கதான மேடம் சேஃப்னு சர்டிபிகேட் குடுத்தீங்க" என்றார்.

என் தங்கை கையில் மாவோடு வந்தாள்.

"என்னக்கா உளர்றே? இவரை எப்படி மாடிக்கு ஏத்தறது?"

அவள் கணவர் உள்ளே கட்டிலில் இருந்தார். கேம்ப் ரோட்டில் பைக் சறுக்கி, காலில் கம்பி வைத்துத் தைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கணும். சீக்கிரம்."

"நீதானே பயமில்லைன்னு சொன்னே? உன்னை நம்பித்தானே கூட்டத்துல நான் எழுந்து பேசினேன்?"

"அப்போ சொன்னேன். இப்போ நானே சொல்றேன், தண்ணி வரும். நான்தான் திறந்து விடப் போறேன்."

அவள் முகம் மாறியது. நான் பொய் சொல்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். "வீட்டுக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்காமல் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, "என்ன சார் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க, வந்து நாற்காலியில ஒரு கால் பிடிங்க" என்றாள்.

அவ்வளவுதான், தெரு நகர்ந்தது. நான் கத்தியதற்கு அசையாத ஜனம், அவள் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் வலி தாங்காமல் முனகிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததும் அரண்டுபோய்த் தங்கள் சாமான்களைத் தூக்க ஆரம்பித்தது. கிரைண்டரைத் தூக்க நேரமில்லை. கல்லோடு அத்தனை கனம். அரைத்து வைத்த மாவு டிரம்மை மட்டும் பாதிப் படி வரை ஏற்றினோம். "போனை ஆன்லயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் திரும்பி வந்தபோது பள்ளமான இடத்தில் நாலு விரல் இரண்டு விரலாகியிருந்தது. தோட்டக்காரர் அங்கே மண் மூட்டை அடுக்கி முடித்து, இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் பூவரச மரத்தில் சுற்றியிருந்தார். வலை பின்னும் கத்தி கையில் இருந்தது.

"மொத்தமா அறுத்துடாதீங்க. அந்த ஓரத்துலேர்ந்து ஒரு முழம். நான் சொன்னப்புறம் அடுத்தது."

ஒரு முழம் அறுத்தார். அடைத்திருந்த குப்பை உருண்டு விழுந்தது, தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. நான் அடிவாரத்துக்கு இறங்கி பாட்டிலில் பிடித்தேன். டீத் தண்ணீர். போனைக் காதில் வைத்தேன்.

"தெருவுல வந்துடுச்சுக்கா. கணுக்கால் வரைக்கும் இருக்கும்."

"எல்லாரும் மேலதானே?"

"மேலதான்."

"இன்னொரு முழம்!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"முதல் படி முங்கிடுச்சு."

பாட்டில், டீத் தண்ணீர். ஊற்று இரண்டு விரல் தடிமனாகியிருந்தது. பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு மண் சரிந்து பொத்தென்று விழுந்தது. அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். நின்றேன்.

"இன்னும்!"

"உள்ள வந்துடுச்சுக்கா. கிரைண்டர் ரூமுக்குள்ள போயிடுச்சு. நாலும் போச்சு." அவள் அழவில்லை, எனக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு குரல் உடைந்தது. "போதும்னு சொல்லுக்கா. போதும்."

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். மேலேயிருந்து தோட்டக்காரர், "மேடம், நிறுத்தட்டா?" என்று கேட்டார். போனில் அவள் 'போதும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் ஒரு முழம் அறுங்க" என்றேன். அது அவள் காதிலும் விழுந்தது.

அவள் போனை வைக்கவில்லை, தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

தண்ணீர் மட்டம் ஒரு சாண் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எத்தனை தடவை பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பிடித்தேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் ஊற்று ஒரு விரலுக்கு இளைத்தது. அப்புறம் பாட்டிலுக்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோட்டக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கந்தலாகத் தொங்கிய வலையைப் பார்த்து, "மூணு மாச வேலை" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "பரவால்ல மேடம்" என்றார்.

தண்ணீர் தங்கையின் வீட்டுச் சுவரில் தொடை உயரத்துக்கு நின்று இறங்கியது. கரை நின்றது. மறுநாள் தெருவெல்லாம் மீன். ஒரு கட்லா அவள் கிரைண்டருக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். மண்வெட்டியால் சேற்றைத் தள்ளிக்கொண்டே, வந்தவர் போனவரிடமெல்லாம் தங்கை சொன்னாள்: "எங்க அக்கா மட்டும் அன்னிக்கு வரலேன்னா நாங்க யாரும் இல்லை."

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை. மூன்று வாரம் திருத்தவில்லை.

ஐந்தாம் நாள், அந்தக் கரையைப் பதிவேட்டில் சேர்த்துக் கண்காணிக்கச் சொல்லும் மனுவோடு அலுவலகம் ஏறினேன். ஓர் இடத்தில், அப்படி ஒரு அணை தங்கள் பதிவேட்டில் இல்லை என்றார்கள். இல்லாததால்தான் வந்திருக்கிறேன் என்றேன். இன்னோர் இடத்தில் வரைபடத்தைக் காட்டி, இங்கே ஓடைதான் இருக்கிறது என்றார்கள். இரண்டு வாரம் என்னைப் பந்தாடினார்கள். நானே முப்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பந்தாடியவள்தான், அதனால் கோபம் வந்தாலும் வழி தெரிந்தது. கடைசியில் ஓர் இளம் அதிகாரி நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அங்க கரை இருக்கு, கலங்கல் இருக்கு, இவ்வளவு உயரம்னு யாராவது டெக்னிக்கலா எழுதின பழைய ரெக்கார்டு ஏதாவது இருந்தா கொண்டு வாங்க மேடம். அதை வெச்சு ஃபைல் ஓபன் பண்ணிடலாம்."

இருந்தது. உலகத்திலேயே அந்த அணை இருக்கிறது என்று சொல்லும் காகிதம் ஒன்றே ஒன்றுதான். அது டிக்கெட் கவுன்டரில் தொங்கியது.

தோட்டக்காரர் ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தார். அதை இணைத்து மனுவைத் திருப்பி எழுதினேன். மூன்றாவது பத்தியில், 'மேற்படி சான்றை அளித்தவர் இம்மனுதாரரே. கலங்கலில் மழைக்காலத்தில் வலை கட்டப்படுமா என்று மனுதாரர் விசாரிக்கவில்லை. ஆய்வு அன்று அந்த வலை மனுதாரரின் காலடியில் கிடந்தது. இது மனுதாரரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். வேலையில் இருந்தபோதெல்லாம் 'கவனக்குறைவு' என்ற சொல்லை மற்றவர்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

பாதிக்கப்பட்டவர்கள் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து தங்கையுடையது. அவள் எதையும் படிக்காமல் போடுகிறவள் இல்லை. மூன்றாவது பத்தியில் நின்றாள். இரண்டாம் தடவை படித்தாள்.

"வலை கட்டுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"மேடம் மேடம்னு கூப்பிட்டாங்க. அதுல மறந்துட்டேன்."

இதைவிட நல்ல பதிலை மூன்று வாரமாகத் தேடியிருந்தேன். கிடைக்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், "நான் ஊரெல்லாம் உன்னைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள். அவள் கிரைண்டர் பழுது பார்த்து வந்த பிறகும் என் வீட்டுக்கு மாவு வரவில்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கி இட்லி சுட்டேன். என் வாழ்க்கையில் அப்படிப் புளித்த இட்லியைத் தின்றதில்லை.

இளம் அதிகாரி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அளந்தார். கரையில் கார் ஏறக் கூடாது, பள்ளத்தை நிரப்ப வேண்டும், சவுக்குக் கம்புகளைப் பிடுங்க வேண்டும், மீன் வேண்டுமானால் கலங்கலுக்கு வெகு முன்னாலேயே தள்ளி வேலி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். மழைக்காலத்தில் மட்டம் இதற்கு மேல் ஏறக் கூடாது என்று ஒரு கல்தூணில் சிவப்புக் கோடு போட்டார். அணைக்குப் பதிவேட்டில் ஓர் எண் கிடைத்தது. நிலக்காரர் இப்போது என்னை மேடம் என்றும் சொல்வதில்லை, அக்கா என்றும் சொல்வதில்லை. 'அந்தம்மா' என்கிறாராம். இருக்கட்டும்.

அடுத்த மழைக்காலம் வந்தது. முதல் நாள் இரவெல்லாம் பெய்தது, விடிந்ததும் யாரும் கேட்காமலே கரைக்குப் போனேன். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே நின்றது. கலங்கல் வெறும் வாயாக, சத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கைக்குப் போன் செய்தேன். மாசக்கணக்கில் நாங்கள் சரியாகப் பேசியிருக்கவில்லை.

"டேம்லேர்ந்து பேசறேன். பயமில்லை" என்றேன்.

அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும் சத்தம். நின்றது.

"நேர்ல பாத்தியா, இல்லை கையெழுத்து மட்டும் போட்டியா?"

"நேர்லதான் நிக்கறேன்."

"வலை?"

"இல்லை."

"போனை அந்தப் பக்கம் திருப்பிப் பிடி."

கலங்கலுக்குப் பக்கத்தில் போய், கையை நீட்டி, போனைத் தண்ணீரை நோக்கிப் பிடித்தேன். அவள் எவ்வளவு நேரம் கேட்டாள் என்று தெரியவில்லை. கை வலித்தது. அவள் சொல்லும்வரை இறக்கவில்லை.